ஒரே வீட்டில் பனை, தோட்டம், தையல், எழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் சாலையில் உச்சிப்புளியைக் கடந்து வடகடல் பக்கமாகத் திரும்பினால் வரும் ஒரு சிற்றூரில் நாங்கள் குடியிருக்கிறோம். நான் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். என் கணவர் விசைப்படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்க்கிறார். வீட்டைச் சுற்றி 40 சென்ட் மணல் நிலமும், அதில் 11 பனைகளும், கடலை விட்டுத் தள்ளி உள்ளே களிமண் பாங்கான 1 ஏக்கர் மானாவாரி நிலமும் எங்களுக்கு உண்டு. மிளகாய், காய்கறி, மல்லிகை, நாட்டுக்கோழி, கருப்பட்டி, ஓலை முடைதல், தையல், கடற்கரைப் பாட்டுகளைக் கேட்டு எழுதி வைத்தல் என்று எங்கள் வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கும். வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள் என்பதால், நிதானமாக யோசித்து எழுதிய பதில்களை இங்கே தருகிறேன்.

இத்தனை வேலைகளுக்கும் ஒரு நாளில் நேரம் எப்படிக் கிடைக்கிறது?

ஒரு நாளில் கிடைப்பதில்லை. திருமணமான புதிதில் நானும் ஒரு நாளைத்தான் பங்கு போட்டேன்: காலையில் அரை மணி நேரம் தோட்டம், மாலையில் அரை மணி நேரம் தையல், இரவில் கால் மணி நேரம் எழுத்து என்று பள்ளிக்கூட மணி அடிப்பதுபோல் பிரித்து வைத்தேன். இரண்டு ஆண்டுகள் அப்படி முயன்றதில் எந்த வேலையும் முழுமை பெறவில்லை. துணியை எடுத்து விரித்து, எங்கே நிறுத்தினோம் என்று நினைவுபடுத்திக் கொள்வதற்குள்ளேயே அந்த அரை மணி நேரம் போய்விடும்.

எனக்கு வழி காட்டியது கண்மாய்ப் பாசனம். எங்கள் மாவட்டத்தின் இராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்வார்கள். மடைகள் எத்தனை இருந்தாலும், தண்ணீர் குறைவான ஆண்டில் அவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் கடைமடை நிலத்துக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. ஆகவே முறை வைத்துத் திறப்பார்கள். தன் முறை வராத வயல்காரர் காத்திருப்பார். என் வேலைகளையும் அப்படி முறை வைத்தேன். ஒரு நாளைப் பிரிப்பதை விட்டுவிட்டு ஆண்டைப் பிரித்தேன். ஒரு பருவத்தில் ஒரு பெரிய வேலை, அதற்குத் துணையாக ஒரு சிறிய வேலை. மற்றவை மூடிய மடைகள். இந்த ஏற்பாட்டில் ஓலைக் கத்தி நான்கு மாதம் தொடப்படாமல் கிடக்கும். அதைப் பார்த்து மனம் சங்கடப்படாமல் இருக்கப் பழகுவதற்குத்தான் எனக்கு நீண்ட காலம் பிடித்தது.

அப்படியானால் எந்த மாதத்தில் எந்த வேலை?

எங்கள் ஆண்டு ஆவணியில் தொடங்குகிறது. அப்போது பனம்பழங்கள் விழும். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, சதையைச் சுவைத்தது போக, கொட்டைகளை மணற்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடி வைப்போம். தை பிறக்கும் வேளையில் அவை பனங்கிழங்காகி இருக்கும். இதற்கு ஒரு சனிக்கிழமை போதும்.

புரட்டாசி, மிளகாய் விதைக்கும் மாதம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை நம்பி இங்கே மானாவாரியில் ஆடியில் விதைத்தால் விதைதான் வீணாகும். எங்களுக்கு மழை வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வருகிறது, ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டியே பெய்துவிடுகிறது. நாங்கள் விதைப்பது உருண்டையான முண்டு மிளகாய். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் தெருவே மகிழ்ந்தது. உழுது போட்ட நிலத்தில் நேரடியாக விதையைத் தூவிவிட்டு, முதல் மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு வாரங்களில் வேறு எந்த வேலையையும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். வடகடல் கொந்தளிக்கும், மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும், காற்றில் ஈரம் தங்கும். இந்த ஈரம் ஓலை முடைவதற்கு மிகவும் ஏற்றது. களை பறிக்கும் நாள்கள் தவிர மற்ற நாள்களில் வீட்டுக்குள் அமர்ந்து கொட்டான் என்னும் சிறு ஓலைக்கூடையும் பெட்டியும் முடைவோம். கார்த்திகைக் கடைசியில் மல்லிகையைக் கவாத்து செய்ய வேண்டும். அதற்கு இரண்டு நாள்கள். மார்கழியில் விடிகாலைக் கோலத்துக்காக எழுந்துவிடுவதால், கோலம் முடிந்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம் எழுத்துக்கு உரியது. ஆண்டிலேயே நான் மிகுதியாக எழுதுவது அந்த முப்பது நாள்களில்தான்.

தை முதல் பங்குனி வரை நெருக்கடியான காலம். மிளகாய் பழுக்கத் தொடங்கும், பதநீருக்காகப் பனையின் பாளையை, அதாவது பூங்குலையை, சீவத் தொடங்குவார்கள், பள்ளியில் ஆண்டுத் தேர்வு நெருங்கும், மல்லிகை மொட்டு வைக்கும். பறித்த பழத்தை ஓரிரு இரவு குவித்து வைத்து நிறம் ஒன்றுபட்ட பிறகு களத்தில் பரப்பிக் காயவைப்போம். அந்த நேரத்தில் ஒரு தப்பு மழை பெய்தாலும் பழம் வெளுத்துச் சண்டு வத்தலாகிவிடும். அதற்கு விலை கிடையாது. ஆகவே தை, மாசி, பங்குனியில் தையல் இயந்திரத்தின் மேல் உறை போட்டுவிடுவேன்.

சித்திரையிலிருந்து ஆனி வரை பதநீர், கருப்பட்டி, நுங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஊரார் பலருக்கு ஓய்வான அந்த நாள்களில்தான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள் என்பதால், என் கணவர் வீட்டில் இருக்கவே மாட்டார். எனக்கோ பள்ளி விடுமுறை. அவரும் நானும் ஆண்டில் மாறி மாறித்தான் வீட்டுக்குக் கிடைக்கிறோம் என்பதைக் கணக்கில் சேர்த்தே எல்லாவற்றையும் திட்டமிடுகிறோம். ஆடியில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று மணலை வாரி இறைக்கும். தோட்டத்தில் நிற்கவே முடியாது. அது தையலுக்கு உரிய மாதம்.

ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் மோதினால் எதை விடுவது?

எந்த வேலை காத்திருக்காதோ அதைச் செய்வேன். காத்திருக்கக் கூடியதை ஒதுக்கி வைப்பேன். பதநீர் காத்திருக்காது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினாலும், வெயில் ஏறுவதற்குள் அடுப்பேற்றிக் காய்ச்சத் தொடங்கிவிட வேண்டும். பாளையும் அப்படித்தான், நாள் தவறாமல் சீவிக்கொண்டே இருந்தால்தான் சுரக்கும், சில நாள் விட்டுவிட்டால் காய்ந்துவிடும். அடைக்கு உட்கார்ந்த கோழி 21 நாள்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பழுத்த மிளகாயும் காத்திருக்காது. ஆனால் உலர்ந்த ஓலை காத்திருக்கும், வெட்டிய துணி காத்திருக்கும், பாதியில் நிற்கும் கட்டுரை காத்திருக்கும். உயிருள்ளதும் கெட்டுப்போவதும் முதலில் என்ற இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் பெரும்பாலான மோதல்கள் தாமாகவே தீர்ந்துவிடுகின்றன.

தீராதவையும் உண்டு. தீபாவளித் தையல் அப்படிப்பட்டது. தெருப் பெண்கள் ரவிக்கை தைக்கக் கொண்டுவரும் வாரங்களும், விதைத்த நிலத்தைக் கவனிக்க வேண்டிய வாரங்களும் ஒன்றாகவே வரும். ஓராண்டு இரண்டையும் ஒப்புக்கொண்டு, மின்சாரம் இல்லாத இரவில் விளக்கு வெளிச்சத்தில் தைத்து, ஒரு சகோதரியின் பட்டுத் துணியை அளவு தவறி வெட்டிவிட்டேன். அதற்கு ஈடாக வேறு துணி வாங்கிக் கொடுத்தேன். அவர் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த துணி என்பதால் இன்றும் அந்த வருத்தம் இருக்கிறது. அதற்குப் பிறகு புரட்டாசி 15க்கு மேல் யார் கொடுத்தாலும் துணி வாங்குவதில்லை.

தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?

உண்மையில் நாங்கள் எத்தனை ஆசைகளை வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தீர்மானிப்பது நேரம் அன்று, தண்ணீர்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கடலோர மணலில் மழைநீர் கீழிறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு படலம்போல மிதந்து நிற்கிறது. உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதே காரணம். ஆனால் இரண்டுக்கும் உள்ள எடை வேறுபாடு மிகச் சிறியது. அதனால் நன்னீரின் மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தால், கீழேயுள்ள உப்புநீரின் எல்லை நாளடைவில் ஏறக்குறைய 40 அடி மேலேறி வரக்கூடும் என்பது நிலத்தடி நீர் அறிவியலில் நன்கு அறியப்பட்ட கணக்கு. எங்கள் முன்னோர் மணலில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்பியதன் பொருள் இந்தக் கணக்கைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மோட்டார் வைத்து ஆழத்திலிருந்து இழுக்கத் தொடங்கிய பல வீடுகளில் சில கோடைகளிலேயே கிணறு கரித்துவிட்டது. எங்கள் கிணறு 12 அடிதான். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்றுதான் இறைக்கிறோம். இராட்டினமும் கயிறும் இன்னும் இருக்கின்றன.

மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியது. வீடுகளில் அது ஒரு குழாயோடு நின்றுவிடாமல் இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குக் கணக்குப் பாடமாகவே நடத்துவேன்: 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். எங்கள் கூரை ஏறக்குறைய 60 சதுர மீட்டர். ஐப்பசியில் 50 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே நாளில் 3,000 லிட்டர் விழுகிறது. முதல் மழையில் கூரையைக் கழுவிய நீரை வெளியே விட்டது போக 2,500 லிட்டராவது தொட்டிக்கு வரும். இரண்டு தொட்டிகள் நிறைந்தால் சமையலுக்கும் குடிப்பதற்கும் கோடை தொடங்கும் வரை கவலை இல்லை. மிகுதி நீர் கிணற்றருகே உள்ள குழியில் இறங்கி அந்த நன்னீர்ப் படலத்தைத் தடிப்பாக்குகிறது.

ஒவ்வொரு ஆண்டும் தை மாதத்தில் கிணற்று நீரை வாயில் ஊற்றிப் பார்த்து, அதன் சுவையைக் கொண்டு கோடைக்கு எத்தனைப் பாத்திகள் என்று முடிவு செய்கிறோம். சுவை மாறிய ஆண்டில் காய்கறிப் பாத்தி மூன்றாகக் குறையும். மல்லிகைக்கு மட்டும் தண்ணீர். வேண்டாம் என்று நாம் சொல்லத் தயங்கும் ஆசைகளை அந்தக் கிணறு சொல்லிவிடுகிறது.

மணலில் என்ன விளையும்?

நினைப்பதைவிடக் கூடுதலாகவே விளையும். முருங்கை, கீரைகள், கத்தரி, பூசணி, பீட்ரூட் ஆகியவை இலேசான உப்பைத் தாங்குகின்றன. பீன்ஸ் தாங்காது, முயன்று கைவிட்டோம். மணல் தண்ணீரையும் எருவையும் பிடித்து வைக்காது என்பதால், ஒரே நாளில் நிறைய ஊற்றுவதைவிட அடிக்கடி கொஞ்சமாக ஊற்றுவது நல்லது. செடிகளுக்கு நடுவே மண்பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால், கசியும் ஈரத்தை வேர்கள் தேடி வந்து எடுத்துக்கொள்கின்றன. முறையான அனுமதி பெற்று எடுத்து வந்த கண்மாய் வண்டலும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த பிறகுதான் எங்கள் பாத்திகள் மண் என்று சொல்லத்தக்க நிலைக்கு வந்தன. காற்றுக்கு எதிராகப் பனைமட்டை வேலி அவசியம். அது இல்லாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

மல்லிகைக்கு இந்த மணல் ஒரு கொடை. தங்கச்சிமடம் பகுதியில் மணற்பாத்திகளில் வேர்பிடிக்க வைக்கும் மல்லிகைப் பதியன்கள் மதுரைப் பக்கத்துத் தோட்டங்கள்வரை போகின்றன. மதுரையில் மணக்கும் பூவின் தாய்வீடு எங்கள் கடற்கரை என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆடு, மாடு வளர்க்காமல் கோழி மட்டும் ஏன்?

ஆட்டுக்கு மேய்ச்சல் வேண்டும், மேய்ச்சலுக்கு ஆள் வேண்டும். நானும் கணவரும் பகலில் வெளியே. என் மாமியாராகிய அத்தைக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆடுகளுக்கு எங்கள் வேலியின் கிளுவை, முருங்கைத் தழைகளை வெட்டிக் கொடுக்கிறோம், புழுக்கையை அவர்கள் தருகிறார்கள். ஒரு வேலையின் பலன் வேண்டும் என்பதற்காக அந்த வேலையையே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. செய்கிறவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாம்.

நாட்டுக்கோழி தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். ஆனால் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்தை உரிய வயதில் கொடுக்காமல் கோழி வளர்க்காதீர்கள். எட்டாவது வாரத்துத் தடுப்பூசியை, தேர்வுத்தாள் திருத்தும் நெருக்கடியில், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஒருமுறை தள்ளிப்போட்டேன். பத்து நாள்களில் 23 கோழிகள் செத்தன. என் பிள்ளைகள் பெயர் வைத்து வளர்த்தவை அவை. அப்போதுதான் தடுப்பூசியையும் காத்திருக்காத வேலைகளின் பட்டியலில் சேர்த்தேன்.

ஓலை முடைவதை யாரிடம், எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

என் அத்தையிடம், அதாவது மாமியாரிடம். அவர் பிறந்தது தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வந்த புயல் அந்த ஊரை அழித்தபோது அவர் சிறுமி. உறவினர் வீட்டில் இருந்ததால் உயிர் தப்பிய அவருடைய தாயார், மாற்றுச் சேலைகூட இல்லாமல் இங்கே வந்து, அடுத்த மாதமே கடகப்பெட்டி முடைந்து விற்று அடுப்பெரித்தார் என்று அத்தை சொல்வார். அந்தக் கையிலிருந்து அத்தை கைக்கும், அங்கிருந்து என் கைக்கும் வந்த வேலை இது. ஆகவே இதை ஒரு பொழுதுபோக்கு என்று எண்ண எனக்கு மனம் வராது.

விரியாத குருத்தோலையை வெட்டி, வெயிலில் வெளுக்கக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்களாகக் கிழிக்க வேண்டும். ஒரு மரத்தில் ஓரிரு குருத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. பேராசைப்பட்டால் மரம் நலிந்துவிடும். நிறம் வேண்டுமென்றால் கொதிக்கும் சாயநீரில் முக்கி நிழலில் உலர்த்துவோம். முடைவதற்கு முன்பு ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வார் வளைந்து கொடுக்கும். அடி முடைவதை ஒரு மாலையில் கற்றுவிடலாம். மூலை திருப்புவதுதான் கடினம். தட்டையாக இருந்த பின்னல் அங்கேதான் பெட்டியாக எழுந்து நிற்கிறது. என் முதல் பதினைந்து கொட்டான்களும் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றன. அத்தை ஒன்றையும் பிரிக்கச் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் வெங்காயம் போட்டு அடுக்களையில் தொங்கவிட்டார்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதைத் தொடங்காதீர்கள். வார்கள் முறிந்து முறிந்து, தனக்கு இது வராது என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். குறை உங்கள் கையில் இல்லை, காற்றில் இருக்கிறது.

தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்திய வேலைகள் உண்டா?

நிறைய உண்டு. தேனீப் பெட்டி வைத்தேன். ஆடிக் காற்றில் கூட்டம் கலைந்து போனது. சிப்பி ஓட்டில் கைவினைப் பொருள் செய்தேன். கடற்கரையில் கிடப்பதெல்லாம் பொறுக்கத் தக்கவை என்று அப்போது எண்ணியிருந்தேன். பவளப்பாறைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன என்பதும், சிலவகைச் சங்குகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன என்பதும் தெரிந்த பிறகு, எதை எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாது என்ற ஐயத்தோடு கரையில் நடக்க மனமில்லாமல் அந்த வேலையை முழுவதுமாக நிறுத்திவிட்டேன். பருவம் வரும்போது திரும்ப எடுப்போம் என்று உறுதியாகத் தெரிந்தால் அது காத்திருக்கும் வேலை. இரண்டு பருவம் கடந்தும் கை போகவில்லை என்றால் அதன் கருவிகளை வேண்டியவருக்குக் கொடுத்துவிடுவேன். பெட்டிக்குள் கிடக்கும் கருவி ஒவ்வொரு முறை கண்ணில் படும்போதும் நம்மைக் குற்றம் சாட்டிக்கொண்டே இருக்கும்.

அளவோடு நிறுத்துவதற்குப் பாம்பன் பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்களைத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். பாசி மீண்டும் வளர வேண்டும் என்பதற்காக, மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே கடலில் இறங்குவது என்று அவர்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது கிடைத்தது. அன்றாடப் பிழைப்பாகச் செய்யும் வேலைக்கே எல்லை வகுக்க அவர்களால் முடிந்தது என்பது, விருப்பத்துக்காகச் செய்யும் எனக்குப் பெரிய பாடம்.

எழுத்துக்கும் பாட்டுச் சேகரிப்புக்கும் தனி நேரம் உண்டா?

எழுத்துக்கு மார்கழி இருக்கிறது. பாட்டுக்கு மாதமே கிடையாது. கை வேலையில் இருக்கும்போதுதான் பாட்டு வரும். கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டை வீட்டில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் முதியவர்களுக்கு நான்கு வரிக்கு மேல் நினைவு வருவதில்லை. கயிறு கையில் ஏறினால் பாட்டு தானாக எழுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் பல ஞாயிற்றுக்கிழமைகளில் குறிப்பேட்டோடு போய் அவர்களைச் சங்கடப்படுத்தி இருக்கிறேன். இப்போது மிளகாய்க் காம்பு கிள்ளும் இடத்தில், ஓலை கிழிக்கும் திண்ணையில், கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு நானும் வேலையில் உட்கார்ந்துவிடுகிறேன். அனுமதி கேட்டுத்தான் பதிவு செய்கிறேன். ஒப்பாரியை மட்டும் பதிவு செய்வதில்லை. அது ஒரு சாவுக்கு உரியது, என் குறிப்பேட்டுக்கு உரியது அன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

இவற்றில் வருமானம் வருகிறதா?

மிளகாயிலும் தையலிலும் வருகிறது. கருப்பட்டியில் செலவு போகச் சிறிது மிஞ்சும்: 10 லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் 1 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கருப்பட்டி கிடைக்கும், பனையேறும் அண்ணனுக்குப் பாதிப் பங்கு, மீதியில் வீட்டுக்கு எடுத்தது போகத்தான் விற்பனை. ஓலையில் கூலி கட்டாது. ஒரு கொட்டானுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு விலை சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். எங்களுக்குச் சம்பளம் இருப்பதால் இதைத் தாங்க முடிகிறது. சம்பளம் இல்லாதவர்களிடம் இந்த வாழ்க்கை எளிது என்று சொல்வது பொய்யாகும்.

குடும்பத்தில் யாரும் முகம் சுளிப்பதில்லையா?

சுளித்திருக்கிறார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. கருப்பட்டிக் காலத்தில் வார நாள்களில் அடுப்பருகே நின்றவர் அத்தைதான். பாகு பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டுவிட்டு, மணிக்கணக்கில் துடுப்பால் கிண்டிக்கொண்டு, புகையில் கண் எரிய நின்றார். ‘உன் ஆசைக்கு என் முதுகு வலிக்குது தாயி’ என்று ஒருநாள் அவர் சொன்னபோதுதான், என் விருப்பம் என்று நான் நினைத்தது பாதி அவருடைய உழைப்பு என்பது எனக்கு உறைத்தது. அன்றே பேசி முடிவெடுத்தோம். 11 பனைகளில் நான்கில் மட்டும் பாளை சீவுவது என்றும், மற்றவற்றை அப்படியே விடுவது என்றும் தீர்மானித்தோம்.

பனை இதற்கு வசதியான மரம். ஏதாவது ஒன்றைத்தான் தரும். பெண் பனையின் பாளையைச் சீவினால் நுங்கு இல்லை. நுங்கை வெட்டினால் பழம் இல்லை. பழமாக விழ விட்டால்தான் கொட்டையும் கிழங்கும் கிடைக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் எது என்று தை மாதத்தில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறோம். பிள்ளைகள் எப்போதும் நுங்குக்குத்தான் வாதாடுவார்கள், இரண்டு மரங்களை வென்றும் விடுவார்கள். விருந்தினர் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்வதா என்றும் வருகிறவர்கள் கேட்கிறார்கள். உட்கார்வதில்லை, அவர்கள் கையிலும் ஒரு முறம் மிளகாயைக் கொடுத்துவிடுவோம், பேச்சு அதனால் கூடத்தான் செய்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் எதில் தொடங்கலாம்?

ஆவணியில் பனங்கொட்டையில் தொடங்குங்கள். இருபது, முப்பது கொட்டைகளைக் கேட்டால் யாரும் கொடுப்பார்கள். இரண்டடி அகலத்துக்கு மணலைக் குவித்துப் பாத்தி கட்டி, கொட்டைகளைக் கண் கீழ்நோக்கி இருக்கும்படி அடுக்கி, மேலே மணலை மூடிவிடுங்கள். மழை வரும்வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தால் போதும். அந்த நான்கு மாதங்களில் உங்கள் வீட்டில் எந்த வாரம் ஓய்வு, எந்த வாரம் நெருக்கடி, தண்ணீர் எப்போது சுவை மாறுகிறது, காற்று எப்போது திசை மாறுகிறது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். பொங்கலுக்கு முந்தைய வாரம் பாத்தியைத் தோண்டுங்கள். கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலையும் நடுத்தண்டையும் நீக்கி, வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அந்தக் குறிப்பேட்டைப் படித்துப் பாருங்கள். இரண்டாவது வேலைக்கு எந்த மாதம் காலியாக இருக்கிறது என்பது அதில் இருக்கும்.